எங்க வூட்டு மிஷின்

பரணிலிருந்து அந்த ஹெட்ஃபோனை இறக்கினேன். காது வைக்கிற இடத்துப் பஞ்சு பொடிப்பொடியாய் உதிர்ந்து தோளெல்லாம் கறுப்பாய்க் கொட்டியது. தட்டிவிட்டுக் காதில் மாட்டப் போனால் உன் தலை எண்ணெய் வாசனை. வெந்தயமும் கறிவேப்பிலையும் போட்டு நீயே காய்ச்சுவாயே, அதேதான். எண்ணெய்த் தலையோடு இதை மாட்டாதே, பஞ்சு ஊறிப்போகும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "ஊறட்டும்டி, அதுக்கும் முடி வளரட்டும்" என்பாய். பஞ்சுக்கு முடி வளரவில்லை. வாசனை மட்டும் போகாமல் இருக்கிறது.

போனவர்களுக்கு எழுதுகிறவர்கள் நல்ல வார்த்தையாகப் பார்த்து எழுதுவார்கள். எனக்கு அது வராது. எனக்கு உன்மேல் பொறாமை. நீ இருந்தபோதும் இருந்தது, நீ போன பிறகும் குறையவில்லை. உன்மேல் பாதி, அந்த மாமல்லபுரத்துப் பையன்மேல் பாதி. நீ படித்தால் சிரிப்பாய் என்று தெரியும். பரவாயில்லை, சிரித்துக்கொள்.

தம்பி துபாய்க்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர் எங்கள் ஊரப்பாக்கம் வீட்டில் சும்மா கிடந்தது. நீ செங்கல்பட்டு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்த்துக்கொண்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு சபைப் பாடகர் குழுவில் நீ பாடுவாய், நான் கீபோர்டு வாசிப்பேன். நான் மெட்டுப் போட, நீ வார்த்தை கட்ட, நமக்கென்று நாலைந்து பாட்டு சேர்ந்திருந்தது. "ஸ்டுடியோக்காரன் கிட்ட போய் நிக்கணுமா? உன் வூட்லதான் கம்ப்யூட்டர் கீதே" என்று நீதான் ஆரம்பித்தாய். ஒரு சாஃப்ட்வேர், ஒரு மைக், இந்த ஹெட்ஃபோன். என் கீபோர்டின் சொந்தச் சத்தம் தகரத்தைத் தட்டுவது போல இருக்கும் என்பதால், அதையும் வயர் போட்டுக் கம்ப்யூட்டரோடு இணைத்து, பியானோ சத்தத்தைக் கம்ப்யூட்டரிலிருந்தே வரவழைத்தோம். நமக்கு நாமே பெரிய ஆட்களாகிவிட்டோம்.

முதல் பாட்டைப் பதிவு செய்து போட்டுக் கேட்டபோது உன் குரலுக்கு நடுவே படபடவென்று ஒரு சத்தம். நீ ஹெட்ஃபோனைக் கழற்றி அதை ஒருமுறை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

"இன்னாடி இது, நான் பாடுறேன், நீ பின்னால அப்பளம் பொரிக்கிறியா?"

அன்றிலிருந்து அதற்குப் பெயர் அப்பளம். அந்த அப்பளத்தைத் துரத்துவதில்தான் நம் சனிக்கிழமைகள் போயின. மைக் வயரை மாற்றினோம். டியூப்லைட்டை அணைத்தோம். ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது ஒரு 'டப்' கேட்கிறது என்று நீ கண்டுபிடித்து அதையும் நிறுத்தினாய். மறுபடி போட மறந்து அம்மாவின் தோசை மாவு புளித்துப் பொங்கி, அம்மா நம் இருவர் முகத்திலும் விழிக்கவில்லை. நான் பரபரவென்று நாலு வயரை ஒரே நேரத்தில் பிடுங்குவேன். நீ என் கையைத் தட்டிவிடுவாய். "ஒரு நேரத்துல ஒண்ணுதான்டி மாத்தணும். எல்லாத்தையும் மாத்திட்டா எது சரி பண்ணிச்சின்னு எப்டி தெரியும்?" லேப் புத்தி. இன்றைக்கும் வீட்டில் எது கெட்டாலும் அந்தத் தட்டல் என் கையில் விழுகிறது.

வைரஸ் பார்க்கிற புரோகிராமை நிறுத்தினோம். ஸ்கிரீன்சேவரை எடுத்தோம். பெட்டியைத் திறந்து இன்டர்நெட்டுக்குப் போட்டிருந்த மோடம் கார்டைப் பிடுங்கி, சவுண்டு கார்டைக் கடைசி இடத்துக்கு மாற்றினோம். பாதி அப்பளம் அடங்கியது. மீதிப் பாதிதான் நம்மைப் பாடாய்ப் படுத்தியது. அதை அடக்க ஒரே வழிதான் தெரிந்தது. சாஃப்ட்வேரில் பஃபர் என்று இடமும் வலமும் தள்ளுகிற ஒரு கட்டம் இருந்தது. கம்ப்யூட்டர் சத்தத்தைச் சேர்த்து வைத்துத்தான் வெளியே விடும். எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று அதில் சொல்லலாம். குறைத்தால் அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கி அப்பளம் பொரியும். கூட்டினால் பொரியாது. ஆனால் நீ பாடியது உன் காதுக்குத் தாமதமாக வரும், நான் அமுக்கிய கட்டைக்குச் சத்தம் தாமதமாக வரும். துபாயிலிருந்து தம்பி பேசும்போது நம் குரலே நமக்குத் திரும்பி வருமே, அந்த மாதிரி.

நான் அதை இடமும் வலமுமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். நீ எழுந்து வந்து வலதுபக்கம் முழுக்கத் தள்ளிவிட்டாய்.

"அப்பளம் போவணும். லேட்டானா ஆவட்டும். அது நம்மகிட்ட வராதுடி, நாம கொஞ்சம் முன்னாடி போயிடலாம்."

அப்படித்தான் நாம் முந்தப் பழகினோம். கம்ப்யூட்டர் போடும் தாளம் விழுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நீ வாயைத் திறப்பாய், நான் கட்டையில் கையை வைப்பேன். கம்ப்யூட்டர் தாமதித்து விடும்போது எல்லாம் சரியாகப் போய் உட்காரும். எவ்வளவு முன்னால் என்று எவருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது. நீ என் தோளைப் பார்ப்பாய். என் தோள் ஒரு நூல் எழும்பினால் உனக்கு அது போதும். செங்கல்பட்டு வண்டி ஸ்டேஷனைத் தாண்டும்வரை காத்திருந்து, அது போனதும் நான் தோளைத் தூக்குவேன். கிறிஸ்மஸ் நெருங்குகையில் யோசிக்காமலே வந்துவிட்டது. மூன்று பாட்டைச் சிடியில் போட்டுச் சபையில் கொடுத்தோம். எல்லோரும் உன்னைத்தான் பாராட்டினார்கள். அப்போது எனக்குப் பொறாமை இல்லை. உன் குரல் சரியான இடத்தில் விழ என் தோள் வேண்டும் என்பது எனக்கும் உனக்கும் மட்டும்தானே தெரியும்.

படாளம் அறுப்பின் பண்டிகை உனக்கு நினைவிருக்கும். என் அப்பா பிறந்த ஊர்ச் சபை. காணிக்கையாக வந்த பூசணியும் சேவலும் ஏலத்துக்குக் காத்திருக்க, நாம் நம் அறுப்புப் பாட்டைப் பாட மேடை ஏறினோம். அந்த ஊர்ப் பையன் ஒருவன் டிரம்ஸ். அவன் அடிக்கத் தொடங்கினான், நாம் புகுந்தோம். இரண்டு பேரும் ஒன்றாக, கத்தரித்த மாதிரி, அவனுக்கு முன்னால். அவன் எட்டிப் பிடிக்கப் பார்த்தான். நாம் அவனுக்கும் முன்னால் போனோம். இரண்டாவது சரணத்தில் அவன் குச்சியை மடியில் வைத்துவிட்டான்.

"இன்னாக்கா, ட்ரெயின் புடிக்கணுமா? ரெண்டு பேரும் இன்னா ஓட்டம் ஓட்றீங்க?"

சபையே சிரித்தது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்த நொடியில் இருவருக்கும் விளங்கிவிட்டது. அங்கே கம்ப்யூட்டர் இல்லை, தாமதமும் இல்லை, நாம் இல்லாத தாமதத்துக்கு முந்திக்கொண்டிருக்கிறோம். நீ பாட்டை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய், நானும்தான். அவமானப்பட வேண்டிய இடத்தில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். உலகத்தில் வேறு யாருடைய தாளத்துக்கும் ஒத்துவராத இரண்டு பேர், நமக்குள் மட்டும் ஒத்துப்போகிறோம். திரும்பி வரும் பஸ்ஸில் ஏலத்தில் எடுத்த பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். இவளை யாரும் என்னிடமிருந்து கொண்டுபோக முடியாது, வேறு யார் தாளத்துக்கும் ஆகாதபடி இவள் கெட்டுப்போய்விட்டாள் என்று.

அப்புறம் மாமல்லபுரத்துப் பையன் வந்தான். நம் கிறிஸ்மஸ் சிடி எப்படியோ அவன் கைக்குப் போய், குரல் யாருடையது என்று தேடிக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டான். கடற்கரைப் பக்கம் வீட்டிலேயே ரெக்கார்டிங் வைத்திருக்கிறான், ஒரு ஆல்பம் போடலாம் என்கிறான் என்று என்னிடம் சொன்னபோது உன் முகம் பளபளவென்று இருந்தது. சனிக்கிழமைகளில் நீ ஊரப்பாக்கம் வண்டி ஏறுவது நின்றது. திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினாய். திங்கட்கிழமை போன் செய்வாய். "அங்க லேட்டே இல்லடி! வாய தொறந்தா அப்பவே காதுல கேக்குது. அப்பளமும் இல்ல, ஒண்ணும் இல்ல." நான் 'ம்' கொட்டுவேன். புதுப் புடவைக்காரி வீட்டுக் கதையைக் கிழிந்த புடவைக்காரி கேட்கிற மாதிரி இருக்கும் எனக்கு.

ஒரு சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். அவன் வீட்டைச் சுற்றிச் சிற்பப் பட்டறைகள். காதைப் பிளக்கிற உளிச் சத்தம். ஜன்னலில் மெத்தையைச் சாத்தி வைத்திருந்தான். சிற்பிகள் மத்தியானம் சாப்பிடப் போகும்போதுதான் குரல் எடுப்பானாம். அவர்கள் போவதற்காக மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நம் கம்ப்யூட்டரைப் பற்றி நீ அவனிடம் பெருமையாகச் சொன்னாய். எப்படி முந்தப் பழகினோம் என்று சொன்னாய். அவன் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்து, "ஏன்க்கா அவ்ளோ கஷ்டம்? ஹெட்போன்ல அவங்க குரல் கம்ப்யூட்டர் வழியா வராம ஆஃப் பண்ணிட்டு, நேரத்துக்குப் பாட வெச்சி, அப்புறமா மவுஸால புடிச்சி இழுத்து சரியான எடத்துல வெச்சிருக்கலாமே. ரெண்டு நிமிஷ வேல" என்றான்.

நீ தொடையில் தட்டிச் சிரித்தாய். "பாத்தியாடி! நாம எவ்ளோ மக்கா இருந்துகினு இருந்தோம்!"

நீ சிரித்திருக்கக்கூடாது. அவன் சொன்னது சரிதான், எங்கள் வீட்டு சாஃப்ட்வேரிலும் அந்த வசதி இருந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை. ஆனால் நாம் இருவரும் மூச்சைப் பிடித்து ஒன்றாய்க் கற்றுக்கொண்டதை அவன் இரண்டு நிமிஷ வேலை என்றான், நீ அவன் பக்கம் சேர்ந்து சிரித்தாய். உளிச் சத்தம் அடங்கத் தொடங்கியது. உன்னை மைக் முன்னால் நிறுத்தி அவன் ஹெட்ஃபோனை எடுத்துக் கொடுத்தான். அது பளபளப்பாய் இருந்தது, எண்ணெய்க்கறை இல்லை. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். நீ அங்கே பாடி நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

மறுவாரம் சபை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாய். "இன்னா மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீறே? பொறாமையா?"

"ஆமா."

நான் இல்லை என்று சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாய் போல. அப்புறம் உன் முகமெல்லாம் சிரிப்பு.

"பட்டுக்கோ. எனக்காக ஒருத்தி பொறாமப்படுறான்னா எனக்கு நல்லாத்தான் கீது."

அந்தத் திமிருக்காகவே உன்னை அறைந்திருக்கலாம். ஒரு தட்டு பிரியாணி வாங்கிக்கொடுத்துச் சமாதானம் செய்துவிட்டாய். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரை அதற்குப் பிறகு நான் போடவில்லை. நீயும் கேட்கவில்லை. பண்டிகைக்குப் பண்டிகை சபையில் சேர்ந்து நின்றோம், ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போனோம். சனிக்கிழமை மட்டும் இல்லை.

ஆல்பத்தில் நம் அறுப்புப் பாட்டும் இருந்தது. மெட்டு என்னுடையது என்று அட்டையில் போட்டிருந்தாய், அதற்குக் குறை சொல்லமாட்டேன். வீட்டில் தனியாய் உட்கார்ந்து மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு கேட்டேன். ஒரு இடத்திலாவது முந்தமாட்டாயா என்று காத்திருந்தேன். இல்லை. விரல் விழுகிற அதே இடத்தில் உன் குரல் விழுந்தது. பல்லவி, சரணம், எல்லாம். இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டாளே என்று நினைத்தேன். என்னால் முடியவில்லை. சபையில் ஒவ்வொரு பாட்டுக்கும் என் கை முன்னாலேயே விழுந்துகொண்டிருந்தது. நீ அங்கே போய் நேராகிவிட்டாய், நான் மட்டும் கோணலாய் நிற்கிறேன் என்று எனக்குள் வெந்தேன். உன் குரலைக் கொண்டுபோனதைவிட அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

காய்ச்சல் என்று நீ படுத்தபோது நாலு நாளில் எழுந்து வந்து என்னை வம்புக்கு இழுப்பாய் என்றுதான் இருந்தேன். நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே உன் ரத்தத்தை வேறு யாரோ பார்த்தார்கள். கடைசியாக நான் வந்தபோது உன்னால் பேச முடியவில்லை. என் கையில் உன் விரலால் தட்டினாய். எதற்கென்று புரியவில்லை.

நினைவுக் கூட்டத்தில் ஆயர் ஜெபம் முடித்ததும் உன் குரலை ஸ்பீக்கரில் போட்டார்கள். அவன் எடுத்தது. சுத்தமாய், அப்பளம் இல்லாமல், நம் அறுப்புப் பாட்டு. செங்கல்பட்டு சபையே அழுதது. எனக்குக் கண்ணீர் வரவில்லை. உன்னை வழியனுப்பவும் அவன் பதிவுதான் வேண்டியிருக்கிறதே என்று நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது. கூட்டம் கலைந்ததும் அவன் என்னிடம் வந்தான். அழுது கண் வீங்கியிருந்தான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு முன்னால் அழ இவனுக்கு என்ன உரிமை என்று தோன்றியது.

"எப்படி அவளைத் தாளத்துல நிக்க வெச்ச?" என்று கேட்டேன். அத்தனை நாளும் கேட்க நினைத்த கேள்வி, இரக்கமில்லாமல் வந்து விழுந்தது.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை வியப்பாகப் பார்த்தான்.

"அவங்க எங்க நின்னாங்கக்கா? ஒரு வரிகூட நேரத்துக்கு வரல. எல்லாம் முன்னாடியே வந்துடுவாங்க. நான்தான் ஒவ்வொரு வரியா புடிச்சி பின்னால இழுத்து வெச்சேன். ஒரே பேஜாரு. மொதல்ல சொல்லிச் சொல்லிப் பாத்தேன். 'இன்னா பண்றது தம்பி, எங்க வூட்டு மிஷின் அப்டி'ன்னு சிரிச்சிட்டு மறுபடியும் அப்டியேதான் பாடுவாங்க."

எங்க வூட்டு மிஷின். உன் வீடு செங்கல்பட்டில் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் என் வீட்டில் இருந்தது.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்தப் பையன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். இழுத்து வைப்பதற்கு முன்னால் எடுத்தது இருக்கிறதா என்று அவனிடம் கேட்டேன். இருக்கிறது என்றான். நேற்று ஒரு சிடியில் போட்டு ஊரப்பாக்கம்வரை வந்து கொடுத்துவிட்டுப் போனான். உட்கார் என்றேன், காப்பி கொடுத்தேன். இரண்டாவது டம்ளர் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை.

அதற்காகத்தான் ஹெட்ஃபோனை இறக்கினேன். கையடக்கச் சிடி பிளேயரில் அதைப் போட்டேன். முதலில் மெத்தைக்கு அப்பாலிருந்து உளிச் சத்தம், பிறகு அது நிற்கிறது. "போயிட்டாங்களா சாப்புட?" என்று சிரித்துக்கொண்டே நீ அவனைக் கேட்கிறாய். அந்தச் சிரிப்பு அவனுக்கு, எனக்கில்லை. நீ வாயைத் திறந்ததும் உன் குரலை அந்த நொடியே கேட்டவன் அவன். நான் என் வீட்டில் கம்ப்யூட்டர் வழியாக எப்போதும் தாமதமாய்த்தான் கேட்டேன். அதற்கு இன்னும் பொறாமைப்படுகிறேன். பொறுத்துக்கொள்.

பிறகு அவன் போட்ட இசை தொடங்குகிறது. நீ புகுகிறாய். முன்னால். படாளத்தில் வந்த மாதிரியே. ஒரு காதில் ஹெட்ஃபோனை வைத்துக்கொண்டு பிளேயரோடு கீபோர்டுக்கு ஓடினேன். கம்ப்யூட்டர் வயர் இல்லை, அதே பழைய தகரச் சத்தம். அடுத்த வரிக்கு என் தோள் எழும்பியது, நீ வந்தாய், என் கை விழுந்தது. ஒன்றாக. கத்தரித்த மாதிரி. அடுத்த வரியும், அதற்கடுத்ததும். அவன் இசை நமக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

உன் இடத்தில் இப்போது ஒரு சின்னப்பெண் பாடுகிறாள். நல்ல குரல். போன ஞாயிறு பாட்டு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்து, "அக்கா, நீங்க கொஞ்சம் முந்திக்கிறீங்க, என்னால புடிக்க முடியல" என்றாள். பார்க்கலாம் என்று சொல்லிவைத்தேன். பார்க்கமாட்டேன். உன்னுடையதை அவன் வரி வரியாய்ப் பிடித்து இழுத்து நேராக்கிவிட்டான். என்னுடையது இந்தக் கையில் இருக்கிறது. இதை இழுத்து வைக்க நான் யாரையும் விடப்போவதில்லை.